கொலுவுக்குத் தீம் வேண்டாம், ஆட்கள் வேண்டும்

முதலில் ஒரு வாக்குமூலம். 2023-ல் எங்கள் வீட்டுக் கொலுவைக் கெடுத்தவன் நான்தான்.

போட்டோவைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டீங்க. அந்த வருஷம் ஆகஸ்ட் 23-ம் தேதி சந்திரயான்-3 நிலாவில் இறங்கியது. நான் அப்போ செகண்ட் இயர் ஈசிஇ, கை சும்மா இருக்குமா? "அம்மா, இந்த வருஷம் கொலு என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். தெர்மாகோலில் நிலா. ஸ்வீட் பாக்ஸ் தங்கத் தாள் ஒட்டிய லேண்டர். ஒரு ஆர்டுயினோ, ஒரு சர்வோ மோட்டார், பின்னாடி கறுப்புத் துணியில் எல்இடி நட்சத்திரங்கள். பட்டனை அழுத்தினால் லேண்டர் மெதுவாக இறங்கும், கதவு திறக்கும், ரோவர் வெளியே வரும். செமயா இருந்தது. ரீல்ஸ் போட்டேன். அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கைதட்டல் எமோஜி.

பாட்டி மட்டும் கொலு முன்னாடி வந்து கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்புறம் கேட்டாங்க: "நல்லா இருக்குப்பா. நம்ம பொம்மைங்கள்லாம் எங்க?"

பெட்டியிலேயே இருந்தன. கலசத்துக்கும் மரப்பாச்சிக்கும் மட்டும் மேலே ஓரமாக இடம் விட்டிருந்தேன். மத்ததெல்லாம் பெயின்ட் உரிந்தது, மூக்கு உடைந்தது, என் தீமுக்கு ஒத்துவராதது. "அடுத்த வருஷம் வெச்சுக்கலாம் பாட்டி" என்றேன். "சரிப்பா" என்று சுண்டல் தாளிக்கப் போயிட்டாங்க.

இப்போ மறுபடி புரட்டாசி. கேன்டீனில் உட்கார்ந்தால் காதில் விழுகிற கேள்வி: "உங்க வீட்டுல இந்த வருஷம் என்ன தீம்?" யாரும் "என்ன பொம்மை?" என்று கேட்பதில்லை. "யார் யாரைக் கூப்பிடப் போறீங்க?" என்று கேட்பதே இல்லை. எனக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியமானது என்று தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

கொலு ஒரு பழைய ஆல்பம்

கொலு வைக்காத வீட்டு நண்பர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். புரட்டாசி அமாவாசைக்கு அடுத்த நாளிலிருந்து 9 நாள் நவராத்திரி. படிகள் ஒற்றைப்படையில் இருக்கும்: 3, 5, 7, 9. வெள்ளை வேட்டி விரித்து, மேல்படியில் கலசமும் சாமி பொம்மைகளும், நடுவில் மகான்கள், அதுக்குக் கீழே நம்மை மாதிரி மனுஷங்க, கல்யாண செட், சந்தைக்கடை, அடியில் பறவை, மிருகம், செடி கொடி. தரையில் பார்க். பார்க்குக்குப் புல் வேண்டுமென்றால் நாலைந்து நாள் முன்னாடியே தட்டில் மண் போட்டு கடுகோ கேழ்வரகோ தெளித்துத் தண்ணீர் காட்ட வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்தால் அது குளம்.

இதில் ஒரு அழகான வழக்கம், வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது வாங்குவது. அதாவது கொலு ஒரே நாளில் வருவது கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேருவது.

ஜப்பானில் மார்ச் 3-ம் தேதி ஹினமட்சுரி என்று ஒரு பொம்மைத் திருநாள் உண்டு. அனிமே பார்க்கிறவர்கள் கவனித்திருக்கலாம். சிவப்புத் துணி விரித்த படிகளில் ராஜா, ராணி, அரண்மனை ஆட்கள். பெரிய செட் என்றால் 7 படி, 15 பொம்மை. எது எந்தப் படியில் உட்காரும் என்பதற்கும் கணக்கு உண்டு. பார்க்கவே கம்பீரமாக இருக்கும். ஆனால் அது ஒரு முழு செட். நம்ம கொலுவில் அந்த முழுமை கிடையாது. தசாவதாரத்துக்குப் பக்கத்தில் கிரிக்கெட் டீம் நிற்கும். பிள்ளையாரைவிடப் பெரிய சைஸில் ஒரு கிளி இருக்கும். மேட்சிங் என்று பார்த்தால் முட்டை மார்க். ஆனால் ஒவ்வொன்றும் எந்த வருஷம், யார், எதுக்காக வாங்கினார்கள் என்று வீட்டில் யாருக்காவது தெரியும். அந்த வீட்டோட ஸ்டைல் என்பது இதுதான். காசு கொடுத்தாலும் கடையில் கிடைக்காது.

எங்கள் பெட்டியில் இருப்பதைச் சொல்கிறேன். பாட்டி கல்யாணத்துக்கு வந்த மரப்பாச்சி ஜோடி. தொப்பையோடு கடை போட்டு உட்கார்ந்திருக்கும் செட்டியார், பக்கத்தில் செட்டியாரம்மா. அவங்க கடையில் குட்டிக் கிண்ணங்களில் நிஜ அரிசி, நிஜ பருப்பு வைப்போம். ஒரு தஞ்சாவூர் ராஜா பொம்மை. எவ்வளவு தள்ளினாலும் எழுந்து நிற்கும். அடிப்பாகம் வளைவாகவும் கனமாகவும் இருப்பதால் சென்டர் ஆஃப் கிராவிட்டி கீழே இருக்கிறது என்று ஃபர்ஸ்ட் இயரில்தான் எனக்குப் புரிந்தது. பாட்டி ஊர் காஞ்சிபுரம், அதனால் ஒரு கருட சேவை செட். அப்புறம் ஒரு களிமண் சைக்கிள், ஹேண்டில்பார் ஒட்டவைத்தது. தாத்தா சைக்கிள் கடை வைத்திருந்தார். எந்த மேளாவிலோ இதைப் பார்த்துவிட்டு, "நம்ம தொழிலும் படியில இருக்கட்டும்" என்று வாங்கி வந்தாராம்.

2023-ல் நான் பெட்டிக்குள்ளேயே விட்டது இந்த சைக்கிளையும்தான். தாத்தா இறந்து அப்போ 2 வருஷம்.

தீம் மேல் எனக்கென்ன கோபம்?

பொம்மை செய்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரை பக்கம் விளாச்சேரி என்று மண்ணிலும் காகிதக்கூழிலும் பொம்மை செய்யும் குடும்பங்களுக்கு இந்த ஒரு சீசன்தான் பெரிய சீசன். அச்சில் மண்ணை அழுத்தி, நிழலில் காயவைத்து, சூளையில் சுட்டு, கடைசியில் கண்ணெழுதுகிற வேலை அது. மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு பொம்மைக்கு அரை மணி நேரம் பேரம் பேசுபவர்களைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கும். வாங்குங்க, தாராளமா வாங்குங்க.

என் கோபம் வேற. இன்டர்நெட்டில் பார்த்த யாரோ ஒருத்தர் வீட்டுக் கொலுவை நம்ம ஹாலில் காப்பி பேஸ்ட் பண்ணுவதில்தான். ஒரே பேக்டிராப், ஒரே பிளாஸ்டிக் சாமந்தி, ஒரே சீரியல் லைட். காசு கொடுத்தால் வந்து அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போகவும் ஆள் இருக்கிறார்கள். நேரமில்லாத வீட்டுக்கு அது உதவிதான், தப்பில்லை. ஆனால் அடுக்குவதில்தான் கொலுவின் பாதி இருக்கிறது. பரணிலிருந்து பெட்டியை இறக்கி, போன விஜயதசமிக்கு மறுநாள் சுற்றிய பழைய பேப்பரைப் பிரித்து, பொம்மையை விட்டுவிட்டு அந்தப் பேப்பரைப் படித்துக்கொண்டு உட்கார்ந்து, அம்மாகிட்ட திட்டு வாங்கி... அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு நவராத்திரி.

என் சந்திரயானும் இதே கேஸ்தான். நானே கையால் செய்ததால் அது என் ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டேன். என் ஸ்டைல்தான், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டு ஸ்டைல் இல்லை. ஐந்து பேர் இருக்கிற வீட்டில் ஒருத்தன் மட்டும் தெரிந்தால் அதைக் கொலு என்று சொல்ல முடியாது. அது ப்ராஜெக்ட் எக்ஸ்போ.

குக்கர் விசில்

போன வருஷம் நவராத்திரிக்கு முன்னாடி போனில் மெமரி ஃபுல். பழைய வீடியோக்களை அழித்துக்கொண்டிருந்தேன். 2023 கொலு வீடியோக்கள் மொத்தம் முப்பதுக்கு மேல். அம்மா இருக்காங்க, தங்கச்சி இருக்கா, பக்கத்து வீட்டு ஆன்ட்டிகள், குழந்தைகள், தலையை மட்டும் நீட்டி எட்டிப் பார்க்கும் அப்பா. பாட்டி ஒன்றில்கூட இல்லை. ரீலில் பாட்டு போட்டிருந்ததால் அப்போ கவனிக்கவில்லை, பாட்டு இல்லாத வீடியோவில் பின்னணியில் குக்கர் விசில் கேட்டது. அதுதான் பாட்டி. கொண்டைக்கடலை வேகவைத்துக்கொண்டிருந்தாங்க.

9 நாளும் ஒரு வீடியோவில்கூட இல்லை என்றால் அது தற்செயல் இல்லை. அம்மாகிட்ட கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா போனதுலேர்ந்தே அப்படித்தாண்டா. யாராவது வந்தா உள்ள போயிடுவாங்க. நானும் கவனிச்சும் கவனிக்காத மாதிரி இருந்துட்டேன்" என்றாங்க.

2021-ல் தாத்தா இறந்ததால் அந்த வருஷம் கொலு வைக்கவில்லை. 2022-ல் மறுபடி ஆரம்பித்தோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொலு வைத்த பாட்டி, அந்த வருஷத்திலிருந்து தன் கொலுவுக்கே சமையல்காரம்மா ஆகிவிட்டாங்க. ஏன் என்று நமக்கெல்லாம் தெரியும். வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம் கொடுப்பது சுமங்கலிகள் வேலை. கணவரை இழந்தவர் எதிரே வரக் கூடாது, கொடுக்கக் கூடாது. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே நடக்கும்.

பாட்டிகிட்டயே கேட்டேன். "நான் எதுக்குக் கண்ணு முன்னாடி வந்து உக்காரணும்? வர்றவங்களுக்குச் சங்கடமா இருக்கும். எனக்கு கால் வலி வேற."

கால் வலிதான். ஆனால் அந்தக் காலோடு அடுப்படியில் ரெண்டு மணி நேரம் நிற்க முடிந்தது.

போன வருஷம் பெட்டியை நானும் பாட்டியும்தான் பிரித்தோம். ஒவ்வொரு பொம்மையாக எடுக்க எடுக்க அவங்க கதை சொன்னாங்க, நான் சின்ன அட்டைகளில் எழுதினேன். "இது உங்கப்பா அஞ்சாவது படிக்கும்போது வாங்கினது, இந்த மூக்கை உடைச்சது உங்க அத்தை." அட்டையை அந்தந்த பொம்மை பக்கத்திலேயே வைத்தோம். சந்திரயான் லேண்டரும் வந்தது, கடைசிப் படியில் சைக்கிள் பக்கத்தில். செட்டியார் கடைக்கு தங்கச்சி ஒரு குட்டி க்யூஆர் கோடு வரைந்து ஒட்டினாள். பாட்டி சிரித்த சிரிப்பை இப்போதான் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

முதல் நாள் சாயங்காலம் அம்மா சொன்னாங்க: "அத்தை, சுண்டல் நீங்கதானே பண்றீங்க, நீங்களே உக்காந்து குடுங்க." கொலு பக்கத்தில் நாற்காலி போட்டோம். வந்தவர்கள் அட்டையைப் படித்துவிட்டு பாட்டிகிட்ட கேள்வி கேட்டார்கள். சும்மா "நல்லா இருக்கு" சொல்லிவிட்டு ஐந்து நிமிஷத்தில் கிளம்புகிற ஆன்ட்டிகள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. வெள்ளிக்கிழமை அம்மா குங்குமச் சிமிழையும் பாட்டி கையில் கொடுத்தாங்க. வந்திருந்த சொந்தக்காரர் ஒருத்தர், கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகக் கேட்டார்: "அவங்க குடுக்கலாமா?" பாட்டி உடனே சிமிழைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போயிட்டாங்க. ஹாலில் யாரும் பேசவில்லை. என் சீரியல் லைட் மட்டும் மாறி மாறி எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் பாட்டி வெளியே வர மாட்டாங்க என்றுதான் நினைத்தேன். ஆறு மணிக்குத் தானாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாங்க. குங்குமத்தைத் தொடவில்லை. பூ கொடுத்தாங்க, சுண்டல் கொடுத்தாங்க, கதை சொன்னாங்க. அன்றைக்கு அம்மா முதல் மாடியில் தனியாக இருக்கும் ரிட்டையர்டு டீச்சரை நேரில் போய்க் கூப்பிட்டிருந்தாங்க. அவரும் கணவரை இழந்தவர். "நாலு வருஷமா என்னை யாரும் கொலுவுக்குக் கூப்பிடலைம்மா" என்று வாசலிலேயே சொன்னார். கிளம்பும்போது பாட்டி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து அவருக்குக் கொடுத்தாங்க. அவர் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதற்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை.

"வழக்கத்தை மாத்தலாமா?"

இதை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது கிளாஸில் ஒருத்தன் கேட்டான்: "மச்சி, அதெல்லாம் பெரியவங்க வழக்கம், நாம எதுக்கு மாத்தணும்?"

நியாயமான கேள்வி. ஆனால் வழக்கம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பாருங்கள். டிரங்குப் பெட்டியும் பலகையும் அடுக்கிய படி போய் ஸ்டீல் ஸ்டாண்டு வந்தது. அகல் விளக்குப் பக்கத்தில் எல்இடி வந்தது. வீடு வீடாகக் குங்குமச் சிமிழோடு போய் அழைத்தது போய், குரூப்பில் ஒரு ஃபார்வர்டு வந்தது. ரவிக்கைத் துணியும் கண்ணாடி சீப்பும் இருந்த தாம்பூலத்தில் பிளாஸ்டிக் டப்பா வந்தது. (அந்த டப்பா நாலு வீடு சுற்றி நம்ம வீட்டுக்கே திரும்பி வரும் என்பது தனிக் கட்டுரை.) இதுக்கெல்லாம் யாரும் "மரபு கெட்டுப்போச்சு" என்று சொல்லவில்லை. நமக்கு வசதியான மாற்றம் என்றால் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுகிறது. ஒரு மனுஷியை நாற்காலியில் உட்கார வைக்கும் மாற்றத்துக்கு மட்டும் சாஸ்திரம் கேட்கிறோம்.

இன்னொன்றும் சொல்வார்கள்: "அவங்களே ஒதுங்கிக்கிறாங்க, நாம என்ன பண்றது?" அவங்க ஒதுங்கவில்லை, நமக்குச் சங்கடம் வரக் கூடாது என்று நகர்ந்துகொள்கிறார்கள். ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம். அதுக்காகப் பாட்டியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து புரட்சி செய்யச் சொல்லவில்லை. சிமிழை அம்மா கொடுத்தது அவசரமோ என்று எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. அதுக்கான விலையைக் கொடுத்தது நாங்கள் இல்லை, பாட்டி. நாம் செய்யக்கூடியது நாற்காலி போடுவது. வேண்டுமென்றால் உட்காருவாங்க.

எப்படித் தொடங்கலாம்?

இந்த வருஷம் உங்கள் வீட்டில் பொம்மையை அடுக்குவது நீங்களாக இருந்தால், முதலில் அந்தப் பழைய பெட்டியை வீட்டில் பெரியவர் ஒருத்தரோடு உட்கார்ந்து பிரியுங்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் ரெண்டு வரி எழுதி வையுங்கள். அவங்க போன பிறகு அதை யாரும் சொல்லப் போவதில்லை. உடைந்ததை ஒளிக்க வேண்டாம், படியில் அதுக்கும் ஒரு ஓரம் கொடுங்கள். வீட்டில் இருக்கிற ஒவ்வொருத்தரும் ஒரு பொருளாவது வைக்கட்டும். அப்பா ஓட்டும் பஸ்ஸோ, அம்மா வேலை பார்க்கும் பேங்கோ, உங்கள் பிரெட்போர்டோ, எதுவானாலும். ஆயுத பூஜைக்கு லேத் மெஷினுக்கும் சிஸ்டத்துக்கும் பொட்டு வைக்கிற காலேஜ் நம்முடையது. படியில் ஒரு மல்டிமீட்டர் உட்கார்ந்தால் சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஹாஸ்டலில் இருக்கிறீர்களா? மூன்று அட்டைப்பெட்டி, ஒரு பெட்ஷீட் போதும். ஆளுக்கு ஒரு பொருள் அவரவர் ஊரிலிருந்து. மெஸ் அண்ணாகிட்ட கெஞ்சினால் ஒரு நாளாவது சுண்டல் நிச்சயம்.

கடைசியாக, அழைப்பு. வழக்கமாகக் கூப்பிடுகிறவர்களைக் கூப்பிடுங்கள். அதோடு, யாரும் கூப்பிடாத ரெண்டு பேர் உங்கள் தெருவிலோ மாடியிலோ இருப்பார்கள். கணவரை இழந்தவர், கல்யாணமாகாத அக்கா, வீட்டு வேலைக்கு வரும் அக்காவும் அவங்க குழந்தைகளும், இதெல்லாம் தனக்கில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் பசங்க, வேறு மதத்து நண்பர்கள். வாசலில் நிறுத்தி சுண்டல் பொட்டலம் கொடுப்பதை நான் சொல்லவில்லை. உள்ளே, நாற்காலியில், எல்லோரோடும்.

இந்த வருஷம் எங்கள் வீட்டில் 5 படி. புது பொம்மையைப் பாட்டி தேர்வு செய்தாங்க, அடுப்பு முன்னாடி உட்கார்ந்து இட்லி சுடும் ஒரு பாட்டி. "இது யாரு தெரியுதா?" என்று கேட்டு அவங்களே சிரித்துக்கொண்டாங்க. அடுத்த நவராத்திரிக்கு நான் எந்த ஊரில் வேலையில் இருப்பேனோ தெரியாது. அதனால் இந்த வருஷம் 9 நாளும் சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன்.

முதல் நாள் பட்டாணி சுண்டல். நீங்களும் வாங்க. பாடத் தெரியலைன்னா பரவாயில்லை, பாட்டிகிட்ட அந்த சைக்கிள் யாரோடதுன்னு கேளுங்க.